தேசியப் போர் நினைவிடத்தில் உதவிய பெரியவருக்கு

டெல்லி இந்தியா கேட் அருகே உள்ள நினைவிடத்துக்கு நவம்பர் 25 அன்று மகளின் பள்ளி ஹவுஸ் (மாணவர் அணி) பிள்ளைகளோடு போயிருந்தோம். அவர்கள் ஹவுஸுக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயர். 1987-ல் இந்திய அமைதிப்படையில் போரிட்டு இலங்கையில் அவர் உயிர்நீத்த நாள் அது. கூட்டிப்போன எங்களுக்கோ, கிரானைட் சுவர்களில் ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே அவர் பெயர் அகப்படவே இல்லை. பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள்.

நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு நீங்களாகவே வந்தீர்கள். "தமிழ்ப் பசங்களோட சர்வீஸ் பண்ணேன், வாங்க" என்று கூட்டிப்போய்ப் பெயரைக் காட்டினீர்கள். மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கி அவனையே சுட்டவர் என்று சொன்னபோது, வழியெல்லாம் ஹவுஸ் கோஷம் போட்ட வாண்டுகள் கப்சிப்.

அப்புறம் சல்யூட். ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையையும் முன்பக்கம் தெரியும்படி திருப்பிவிட்டு, முழங்கையைச் சரிசெய்தீர்கள். டீ சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. பெயரும் சொல்லவில்லை.

ரொம்ப நன்றி ஐயா. ஹவுஸ் பிள்ளைகள் உங்களைப் பள்ளிக்கு அழைக்க ஆசைப்படுகிறார்கள். இது கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள்.