சாம்பல் நிறக் கட்டத்துக்குள் உன் வீடு

திருவொற்றியூர்,
ஆவணி மாதம், 2025.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரனுக்குப் பல் முளைத்த சேதி படித்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்தாமல் டாக்டரைப் போய்ப் பார். இங்கே எல்லோரும் நலம். தம்பி இன்னும் கடலுக்குப் போகிறான், சொன்னால் கேட்பதில்லை. நான் மே மாதத்தோடு பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் காலை எட்டரை ஆனால் கை தானாகப் பையைத் தேடுகிறது. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் கணக்கும் அறிவியலும் படிக்க வருகிறார்கள். அவர்கள் வந்தால்தான் வீடு வீடாக இருக்கிறது.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். “குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளம் கட்டுகிறார்கள், திருச்செந்தூர் முழுக்க இதே பேச்சு. அப்படி விண்வெளியில் என்னடி இருக்கிறது, நம்மைப் போன்றவர்களுக்கு அதனால் என்ன?” என்று எழுதியிருந்தாய். இதை ஒரு வரியில் எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை 30ஆம் தேதி சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரையும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். ஸ்ரீஹரிகோட்டா நம் ஊரிலிருந்து நேர்கோட்டில் 60 கிலோமீட்டர் சொச்சம்தான், பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டக்கா காயப்போட்ட கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தவர், அப்படியே முறத்தோடு நின்றுவிட்டார். 5.40க்குக் கிளம்பியது. எண்ணூர்ப் புகைபோக்கிகளுக்கு அப்பால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு நெருப்புப் பொட்டு ஏறியது, பின்னாலேயே வெள்ளைக் கோடு. சத்தமே இல்லை. மேலே போகப் போகக் கடல் பக்கமாகச் சாய்ந்தது. “டீச்சர், வளைஞ்சு போகுதே, கீழ விழுதா?” என்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லா ராக்கெட்டும் ஏறும்போது சாய்ந்துதான் ஓடும். ஆனால் இங்கிருந்து துருவங்களைச் சுற்றும் பாதைக்குப் போகிறவற்றுக்கு இன்னொரு திருப்பமும் உண்டு. தெற்கே நேராகப் போனால் இலங்கை குறுக்கே வரும். அதனால் முதலில் கடல் பக்கம் போய், அப்புறம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் எரிபொருள் வீணாகிறது, சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். உன் குலசையிலிருந்து பார்த்தால் தெற்கே வெறும் கடல்தான். 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அங்கே அடிக்கல் நாட்டியதற்குக் காரணம் இதுதான். தளம் வேலைக்கு வந்தபின் நீயும் உன் மாடியில் பேரனைத் தூக்கிக்கொண்டு நிற்கப் போகிறாய்.

நாங்கள் பார்த்த ராக்கெட் கொண்டுபோனது நைசார் என்ற செயற்கைக்கோளை. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது, எடை 2,392 கிலோ. 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதன் தலையில் 12 மீட்டர் அகலத்துக்கு ஒரு வலைக் குடை. மடித்து அனுப்பியதை ஆகஸ்ட் 15 அன்று மேலே விரித்தார்கள். கேமராவைப் போல அது வெயிலை நம்பி இருப்பதில்லை. தானே ரேடியோ அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வாங்கிக்கொள்கிறது. இதற்குப் பெயர்தான் ரேடார். ராத்திரியிலும் பார்க்கும், மேகத்துக்குள்ளும் பார்க்கும். அதே இடத்தை 12 நாளுக்கு ஒருமுறை பார்த்து, முந்தின எதிரொலியோடு ஒப்பிட்டு, நிலம் ஒரு விரலளவு இறங்கினாலும் ஏறினாலும் சொல்லிவிடும்.

மேகத்துக்குள் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கே தண்ணீர் நிற்கிறது என்று தெரிய வேண்டிய நேரத்தில் வானம் முழுக்க மூடிக் கிடந்தது. சாதாரணக் கேமராவுக்கு மேகத்தின் முதுகு மட்டும்தான் தெரியும். ரேடாருக்குத் தண்ணீரே தெரியும். அந்த வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்ததே, அதுவும் ரேடாரில் தெரியும். எண்ணெய் படிந்த இடத்தில் தண்ணீரின் சிற்றலைகள் அடங்கிவிடுவதால், எதிரொலி திரும்பி வராமல் அந்த இடம் கறுப்பாக விழும். மேலிருந்து பார்த்தால் வெறும் கறுப்புத் திட்டு. கீழே, தம்பியின் ஃபைபர் படகில் முழங்கை உயரத்துக்குத் தார் மாதிரி ஒரு பட்டை. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துத் துடைத்து அவன் நகக்கண்ணெல்லாம் புண்ணாகிப்போனது. வலை மொத்தமும் போயிற்று. கூழைக்கடா ஒன்று இறக்கை ஒட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்ததை நான் மறக்க மாட்டேன்.

தம்பி என்றதும் நினைவு வருகிறது. அவன் போனுக்கு மீன் இருக்கும் இடத்தைச் சொல்லும் தகவல் வரும். ஹைதராபாதில் உள்ள கடல் தகவல் மையம் அனுப்புவது. எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று எல்லாம் இருக்கும். செயற்கைக்கோள் கடலின் நிறத்தையும் மேற்பரப்புச் சூட்டையும் பார்க்கிறது. பச்சை கூடினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகியிருக்கின்றன. பாசி இருக்கும் இடத்துக்குச் சின்ன மீன் வரும், அதைத் தேடிப் பெரிய மீன் வரும். முதன்முதலில் இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் சொன்னது: “தண்ணி நெறத்தத்தானே பாக்குறான்? எங்க தாத்தாவும் அதத்தான் பாத்தாரு. அவரு படகுல இருந்து பாத்தாரு, இவன் மேல இருந்து பாக்குறான்.” எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் மேகம் மூடினால் இந்தத் தகவல் வராது. அப்போது பழையபடி பறவையையும் நிறத்தையும் பார்த்துத்தான் போக வேண்டும்.

இப்போது உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம்.

உங்கள் குப்பத்து வீட்டைக் கடல் எடுத்தது எந்த வருஷம் என்று நமக்குள் எத்தனை சண்டை! உன் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டது என்பாய் நீ. கல்யாணப் பந்தலை அந்த வீட்டு வாசலில்தானே போட்டோம் என்பேன் நான். போன மாதம் தம்பி மகள் கல்லூரியிலிருந்து வந்தபோது மடிக்கணினியில் பழைய செயற்கைக்கோள் படங்களை எடுத்துக் காட்டினாள். லேண்ட்சாட் என்று ஒரு வரிசை. 1972இலிருந்து ஒன்று போனால் இன்னொன்றாகப் பூமியைப் படம் எடுத்துக்கொண்டே வருகிறார்கள். 2008இலிருந்து யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். எண்பதுகளிலிருந்து வந்த படங்கள் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனவை, ஒரு கட்டம் என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது உங்கள் வீடு, பக்கத்து வீடு, எதிரில் வலை உலர்த்தும் இடம் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டம்.

பட்டினத்தார் கோயிலை அடையாளம் வைத்துக்கொண்டு, சாலையைப் பிடித்து, எண்ணி எண்ணி அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தோம். 1988ஆம் வருஷப் படத்தில் அது வெளுப்பு, மணல். 1991இல் கறுப்பு, தண்ணீர். நடுவில் 1990இல் எடுத்தது ஒன்று இருந்தது. அதில் அந்தக் கட்டம் சாம்பல் நிறம். “அத்தை, இது பாதி மணல், பாதி தண்ணி. ரெண்டும் கலந்தா இந்த நிறம் வரும்” என்றாள் அவள். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. உன் கல்யாணம் அந்த வருஷம்தான். கிழக்குப் பக்கத்துச் சமையலறை போயிருக்கிறது, மேற்கே திண்ணையும் வாசலும் நின்றிருக்கின்றன. உனக்குச் சமையலறை ஞாபகம், எனக்குப் பந்தல் ஞாபகம். நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி.

படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. வருஷத்தில் பெரும்பகுதி நம் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் கரங்கள், அதாவது கடலுக்குள் நீளும் அலைதடுப்புச் சுவர்கள், அதை மறிக்கின்றன. மறித்த மணல் தெற்கே சேர்ந்துதான் மெரினா அவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வர வேண்டிய மணல் வராமல் கரை தேய்ந்தது. பிறகு கல் கொட்டினார்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்வரிசையாகத் தூண்டில் வளைவு போட்டார்கள். வளைவு போட்ட இடம் பிழைத்தது, அதற்கு வடக்கே அடுத்த குப்பம் அரித்தது. கரையிலேயே வாழ்கிற நமக்கு இது தினம் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் கண்ணில் படுவதில்லை. ஒரு புயலில் நாலு வீடு விழுந்தால் அந்தப் புயலைத் திட்டிவிட்டு விட்டுவிடுகிறோம்.

இதைப் பற்றி மனுக் கொடுக்க நாங்கள் பத்துப் பேர் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். “கடல் இவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டார்கள். எழுபது வயதுக் கிழவர் ஒருவர், “நான் பொறந்த வீடு அதோ அங்க இருந்துச்சு” என்று கடலைக் காட்டினார். அது அவர்களுக்கு ஆதாரமாகப் படவில்லை. எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதினாலும் கை நடுங்குகிறது. அடுத்த முறை ஐந்து படங்களை, ஐந்து வருஷங்களோடு அச்சடித்து எடுத்துப்போனோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள், முத்திரை போட்டு ரசீதும் கொடுத்தார்கள். காரியம் நடக்க இன்னும் எத்தனை நடை நடக்க வேண்டுமோ. ஆனால் அந்தக் கேள்வியை இனி எங்களிடம் கேட்க முடியாது. நமக்கு இதனால் என்ன என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்த பதில் இதுதான். நம் சொல்லை யாரும் நம்பாத இடத்தில், நமக்காகப் பார்த்து வைத்த ஒரு கண் அது.

வானத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். 1995 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கியை, ஒன்றுமே இல்லாதது போல் தெரிந்த ஒரு துளி இருட்டைப் பார்த்துப் பத்து நாள் திருப்பி வைத்தார்கள். அந்தத் துளிக்குள் ஏறக்குறைய 3,000 விண்மீன் மண்டலங்கள் இருந்தன. தூரத்தைப் பார்ப்பது என்றால் பழையதைப் பார்ப்பதுதான், ஏனென்றால் வெளிச்சம் வந்துசேர நாளாகிறது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் சுவாதி நட்சத்திரத்தைக் காட்டுவேன். இந்த மாதம் இருட்டியதும் மேற்கே பார், கொஞ்சம் செம்மஞ்சளாக, நல்ல பளிச்சென்று இருக்கும். அது இருப்பது ஏறக்குறைய 37 ஒளியாண்டு தூரத்தில், அதாவது வெளிச்சம் வந்துசேர 37 வருஷம் ஆகும் தூரத்தில். இன்று ராத்திரி உன் கண்ணில் படப்போகிற சுவாதியின் வெளிச்சம் 1988இல் கிளம்பியது. அப்போது உன் வீடு முழுசாக இருந்தது. அன்று உங்கள் ஓட்டின்மேல் பட்டுத் தெறித்த வெயிலில் ஒரு துளியை லேண்ட்சாட் பிடித்து வைத்துக்கொண்டது. மிச்சம் அதற்குப் பிறகு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது, இப்போதுதான் சுவாதி இருக்கும் தூரத்தைத் தொட்டிருக்கும்.

அந்த மூன்று படங்களையும் இதோடு அனுப்புகிறேன். நம் கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறேன். குப்பத்தில் எந்த வீடு எங்கே இருந்தது என்று ஒரு வரைபடம் போட்டு அடுத்த மனுவோடு சேர்க்கலாம் என்றிருக்கிறோம். உன் அம்மாவின் பழைய ரேஷன் அட்டையோ வீட்டுவரி ரசீதோ இருந்தால் நகல் எடுத்து அனுப்பு. அப்புறம், உங்கள் வீட்டுக் கிணறு சமையலறைக்கு வடக்கிலா தெற்கிலா? தம்பி ஒன்று சொல்கிறான், நான் ஒன்று சொல்கிறேன். உனக்குத்தான் தெரியும், எழுது.

அன்புடன்,
உன் திருவொற்றியூர்த் தோழி