உங்கள் ஆவண டெம்ப்ளேட்டுகளை ஏன் பிரித்துக் கட்டுகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு நாங்கள் செய்துகொடுத்த கொட்டேஷன், ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் டெம்ப்ளேட்டுகளை (பெயர், தொகை நிரப்பினால் ஆவணமாகும் மாதிரி வடிவங்களை) இந்த மாதம் முதல் ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி கட்டப் போகிறோம். வெளியே போகும் தாள் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும். உள்ளே உள்ள அமைப்பு மட்டும் மாறும். "நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது எதற்குக் கை வைக்கிறீர்கள்?" என்று சிலர் போனில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. விவரமாகவே பதில் சொல்லிவிடுகிறோம்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. ஏ.சி.க்கு இருந்த 28 சதவீதம் 18 ஆனது. 40,000 ரூபாய் அடிப்படை விலையுள்ள ஏ.சி.க்கு வரி 11,200 ரூபாயிலிருந்து 7,200 ரூபாயாக இறங்கியது. ஒரு ஏ.சி. கடையில் அந்த 28 எங்கெல்லாம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கொட்டேஷனில் இருக்கும், விற்பனைக்கு முன் கொடுக்கும் உத்தேச பில்லான ப்ரொஃபார்மா இன்வாய்ஸில் இருக்கும், ஆர்டரை உறுதி செய்யும் கடிதத்தில் இருக்கும், அடுக்குமாடிச் சங்கங்களுக்குக் கொடுக்கும் மொத்த விலைப் பட்டியலிலும் இருக்கும். எல்லாம் தனித்தனி வேர்டு ஃபைல். அதிலும் ஒவ்வொரு ஊழியரின் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல். அவசரத்தில் '28ஐத் தேடி 18 ஆக்கு' என்று கொடுத்தால், மந்தைவெளிக் கடையின் 600028 என்ற பின்கோடு 600018 ஆகி முகவரி தேனாம்பேட்டைக்குப் போய்விடும். பிப்ரவரி 28 என்ற கெடு பத்து நாள் முன்னால் வந்துவிடும். இப்படிப்பட்ட பிழை அன்றைக்கே யார் கண்ணிலும் படாது என்பதுதான் எங்களுக்குக் கவலை.

இனி அந்த வரி விகிதமும் அதைச் சார்ந்த வாசகமும் ஒரே ஒரு பிளாக்காக, அதாவது தனியாகச் சேமித்த ஒரு துண்டாக, ஒரே இடத்தில் இருக்கும். கொட்டேஷனும் இன்வாய்ஸும் கடிதமும் அங்கிருந்துதான் அதை எடுத்துக்கொள்ளும். ஒருமுறை திருத்தினால் போதும்.

இதற்கான வசதி புதிது ஒன்றும் இல்லை. வேர்டு 2007இலேயே 'பில்டிங் பிளாக்ஸ்' என்ற பெயரில் இது வந்துவிட்டது. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், எஃப்3 அழுத்தினால் அதற்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமிக்கலாம். பிறகு அந்தப் பெயரை அடித்து எஃப்3 அழுத்தினால் பத்தி வந்து விழும். ஆனால் அப்படி விழுவது ஒரு நகல். மூலத்தைத் திருத்தினாலும் ஏற்கெனவே விழுந்த நகல் பழையபடியே இருக்கும். அதனால் பிளாக்குகளைப் பொதுவான ஓர் இடத்தில் வைத்து, ஆவணம் உருவாகும் அந்த நேரத்தில் எடுத்துச் சேர்க்கும்படி செய்கிறோம். உங்கள் ஊழியர் படிவத்தில் பெயர், தொகை, தேதி நிரப்பினால், எந்தெந்த பிளாக் வேண்டும் என்பதை டெம்ப்ளேட்டே முடிவு செய்யும். உதாரணமாக, வாடகைக் காலம் ஓராண்டுக்கு மேல் போனால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு கட்டாயம். படிவத்தில் 24 மாதம் என்று போட்டதுமே பதிவு தொடர்பான பத்தி தானாக உள்ளே வந்துவிடும்.

எதை பிளாக்காக வெட்டுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. ஒரு விஷயம் யார் சொன்னால் மாறும் என்று பார்த்து வெட்டுவது எங்கள் வழக்கம். வங்கிக் கணக்கு விவரம் முதலாளி சொன்னால் மாறும், வரி வாசகம் ஆடிட்டர் சொன்னால் மாறும், வாரண்டி நிபந்தனை பொருளைத் தயாரிக்கும் கம்பெனி சொன்னால் மாறும், 'சென்னை நீதிமன்றங்களின் எல்லைக்கு உட்பட்டது' என்ற வரி வக்கீல் சொன்னால் மாறும். ஆக அவை நான்கு பிளாக். லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கி இந்தியாவுடன் இணைந்த பிறகு அதன் கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் மாறியது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் வங்கி விவரம் தனி பிளாக்காக இருந்தால் ஒரு நிமிட வேலை. அதற்காக வாக்கியத்துக்கு வாக்கியம் வெட்டக் கூடாது. துண்டு மிகவும் சிறுத்தால் எது எங்கே இருக்கிறது என்று தேடவே ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

வெட்டிய பிளாக் தன் காலில் நிற்கவும் வேண்டும். 'மேற்சொன்ன தொகையை', '7ஆம் பிரிவில் கண்டபடி' என்று எழுதிய பத்தியை வேறு ஒப்பந்தத்தில் வைத்தால், மேலே தொகையே இருக்காது, 7ஆம் பிரிவு வேறு எதையோ பேசும். எனவே 'ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை' என்று பெயர் சொல்லியே எழுதுகிறோம். கொஞ்சம் நீளும், பரவாயில்லை.

தமிழ் ஆவணங்களில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பெயர் வரும் கட்டத்துக்குப் பின்னால் 'க்கு' என்று ஒட்டிவிட்டு, லட்சுமி என்ற பெயரை வைத்துச் சோதித்தால் 'லட்சுமிக்கு' என்று அழகாக வரும். மறுநாள் மாணிக்கம் வந்தால் 'மாணிக்கம்க்கு', முருகன் வந்தால் 'முருகன்க்கு'. ஊர்ப் பெயரும் அப்படித்தான். கிண்டிக்குப் பொருந்தும் உருபு தாம்பரத்துக்குப் பொருந்தாது. அடையாறு 'அடையாற்றில்' என்று உருவே மாறும். நடுவில் ஒரு கோடு போட்டு 'மாணிக்கம்-க்கு' என்று சமாளிப்பவர்கள் நிறையப் பேர். ஒரு மனிதரின் பெயரை அப்படி எழுதி அவர் கையில் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இதற்குப் பத்திரம் எழுதுபவர்கள் கையில் வெகுகாலமாகவே வழி இருக்கிறது. 'மாணிக்கம் என்பவருக்கு' என்பது அவர்கள் நடை. பெயர் பெயராகவே நிற்கும், உருபு 'என்பவர்' மேல் ஏறிக்கொள்ளும். அதே வழியில் கடிதங்களுக்கு 'மாணிக்கம் அவர்களுக்கு' என்றும், இடத்துக்கு 'அடையாறு பகுதியில்' என்றும், பணத்துக்கு 'ரூ.25,000 தொகையை' என்றும் எழுதுகிறோம். எந்தப் பெயர் வந்தாலும் தமிழ் உடையாது. ஒருவர் கையெழுத்திடும்போது 'நான் சம்மதிக்கிறேன்', கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திடும்போது 'நாங்கள் சம்மதிக்கிறோம்' என்று வினைமுற்று கடைசி வரை மாறுவதால், அந்தப் பத்திக்கு மட்டும் இரண்டு பிளாக் வைத்து, ஆள் எண்ணிக்கையைப் பார்த்துச் சரியானதை எடுக்கும்படி செய்திருக்கிறோம்.

தொகையை எழுத்தால் எழுதுவதும் இப்படித்தான். வேர்டில் அதற்கென்று உள்ள வசதி 2,50,000ஐ ஆங்கிலத்தில் 'டூ ஹண்ட்ரட் ஃபிஃப்டி தௌசண்ட்' என்றுதான் எழுதும். லட்சம் அதற்குத் தெரியாது. பத்து லட்சத்தைத் தொட்டாலே நின்றுவிடும். 'இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம்' என்று எழுதும் வேலையை வெளியே முடித்து, விடையை மட்டும் டெம்ப்ளேட்டுக்குள் அனுப்புகிறோம்.

பழைய ஃபைல்களில் எழுத்துருவும் ஒரு தடை. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு குறியீட்டு முறையைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் யூனிகோடு அல்லாத வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த ஒப்பந்தங்கள் பல அலுவலகங்களில் இன்றும் புழங்குகின்றன. அந்தப் பத்தியை யூனிகோடு ஆவணத்தில் சேர்த்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். ஆகவே பிரிப்பதற்கு முன் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு வரி விடாமல் வாசித்துச் சரிபார்க்கிறோம். மாற்றிய பின் புள்ளியும் கொம்பும் சில இடங்களில் இடம் மாறி நிற்கும். இதில் அவசரப்பட மாட்டோம். காலம் கூடுதலாகப் பிடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தான ஒப்பந்தம் தானாக மாறிவிடுமோ என்று ஒருவர் கேட்டார். மாறவே கூடாது. வேர்டில் தேதிக் கட்டம் வைத்த பழைய கடிதத்தைத் திறந்தால் இன்றைய தேதி காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல் நேரக் கூடாது என்பதற்காக, ஆவணம் வெளியே போகும் நொடியில் எல்லாக் கட்டங்களின் இணைப்பையும் துண்டித்து பிடிஎஃப் ஆக்கிவிடுகிறோம். ஒவ்வொரு பிளாக்குக்கும் எண்ணும் தேதியும் உண்டு. எந்த ஒப்பந்தத்தில் எந்தப் பதிப்பு போனது என்று தனியாகக் குறித்து வைப்போம். பின்னாளில் தகராறு என்று வந்தால், அன்று என்ன வாசகம் கொடுத்தீர்கள் என்பதைக் காட்ட முடியும்.

உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டியவை: இப்போது புழக்கத்தில் உள்ள ஆவணங்களில் வகைக்கு ஒன்று, அவற்றில் எந்தப் பகுதியை மாற்ற யாருக்கு உரிமை என்ற விவரம். இரண்டாவதுதான் முக்கியம். ஒரு பிளாக்கைத் திருத்தினால் அதன்பின் உருவாகும் உங்கள் ஆவணங்கள் எல்லாவற்றிலும் அது மாறும் என்பதால், யார் கேட்டாலும் திருத்திக்கொடுக்க எங்களால் முடியாது. பெயர் குறிப்பிட்ட அந்த ஒருவர் எழுத்தில் சொன்னால் மட்டுமே செய்வோம். அவர் விடுப்பில் இருந்தால் அடுத்து யார் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொடுங்கள்.

புதிய அமைப்பு தயாரானதும் பழைய டெம்ப்ளேட்டும் புதியதும் சில நாள் சேர்ந்து ஓடும். இரண்டிலும் ஒரே விவரத்தைக் கொடுத்து எடுத்த தாள்களை அருகருகே வைத்துப் பார்த்து நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் பழையதை எடுப்போம். மாதிரி ஆவணங்களை அனுப்பும்போது அவற்றில் உள்ள ஆதார், பான், போன் எண்களை அழித்துவிட்டு அனுப்புங்கள். எங்களுக்கு வாசகம் மட்டும் போதும்.

இப்படிக்கு,
ஆவண வடிவமைப்புப் பிரிவு,
மந்தைவெளி, சென்னை