ஒரே நாளில் ஒன்பது கோயில் போடும் டிராவல்ஸ்காரர்களுக்கு ஒரு மடல்

அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

நானும் உங்கள் தொழில்தான். கும்பகோணத்தில் பதினோரு வருஷம் நவக்கிரக வேன் ஓட்டினேன். நாலரை மணிக்கு லாட்ஜ் வாசலில் ஹார்ன் அடித்து எல்லோரையும் எழுப்பி, ஆறு மணிக்குத் திங்களூரில் நிற்க வேண்டும். அப்புறம் ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர். நடை சாத்துவதற்குள் இந்த ஐந்தும் முடிந்தாக வேண்டும். சாயங்காலம் நடை திறந்ததும் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியில் காரைக்கால் பக்கம் திருநள்ளாறு. ராத்திரி இறக்கிவிடும்போது பாதிப் பேருக்கு எந்தக் கோயிலில் எந்தக் கிரகம் என்பதே குழம்பியிருக்கும்.

ஒருமுறை தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஆச்சி ஒருவர் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார். திருநள்ளாறு முடிந்து திரும்பும்போது கேட்டார்: “காவேரி எப்பம் வரும் தம்பி?” காலையிலேயே தாண்டிவிட்டோம் என்றேன். ஆடுதுறையில் காவிரிப் பாலத்தைத் தாண்டாமல் சூரியனார்கோயிலுக்குப் போக முடியாதே. ஆச்சி ஒன்றும் பேசவில்லை. மடியில் வைத்திருந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

கீழப்பெரும்பள்ளத்திலிருந்து பூம்புகார் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். காவிரி கடலில் கலக்கிற இடம். அன்றைக்குக்கூட அங்கிருந்துதான் வண்டியைத் திருப்பினேன். திருநள்ளாற்றுக்கு நேரமாகிவிடும் என்று முதலாளி போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நோட்டீசில் ஒன்பது என்று அடித்தாகிவிட்டது.

ஒன்பதில் ஒன்றைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. வேண்டுதலோடு வருகிறவர்களிடம் அப்படிச் சொல்லவும் முடியாது. நடை சாத்தியிருக்கும் அந்த நாலு மணி நேரத்தைத்தான் கேட்கிறேன். பன்னிரண்டிலிருந்து நாலு வரை நம் வண்டிகள் என்ன செய்கின்றன? மயிலாடுதுறையில் ஏதாவது மெஸ் வாசலில் சாப்பாடு, அப்புறம் புளியமர நிழலில் ஏசியைப் போட்டுக்கொண்டு தூக்கம். ஐப்பசி மாதம் முழுக்க ஊர் ஊராக வந்து துலா ஸ்நானம் செய்கிற காவிரிப் படித்துறை அதே ஊரில் இருக்கிறது. அதன் படியில் அரை மணி நேரம் உட்காரவைத்தால் நமக்கு டீசல்கூடச் செலவாகாது.

முதல் நாளே வந்து தங்குகிற கோஷ்டி என்றால் மத்தியானம் சுவாமிமலைக்குக் கூட்டிப்போங்கள். முருகன் கோயில் நடை சாத்தியிருந்தால் பயணிகளுக்குக் கோபம் வருகிறது. ஆனால் பட்டறைகள் திறந்திருக்குமே! தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிப்பார்கள். தென்னை ஓலையை மடித்து மடித்து அதிலேயே அளவெடுப்பார்கள். மெழுகின் மேல் காவிரி வண்டலைப் பூசி நிழலில் காயவைத்து, வறட்டி அடுக்கிச் சுடும்போது மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உருக்கின உலோகத்தை ஊற்றுவார்கள். இந்த மண்ணுக்காகத்தான் ஸ்தபதிகள் இந்த ஊரில் தங்கினார்கள் என்று அங்கே சொல்வார்கள். ஒருநாள் ஆறிப்போன மண் அச்சை ஒருவர் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். கருகின மண் பொருக்குப் பொருக்காக உதிர, முதலில் ஒரு முழங்கை தெரிந்தது, அப்புறம் தோள். என் வேனில் வந்த பையன்கள் செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஒன்றைப்போல இன்னொன்று அச்சு அசலாக வராது.

தாராசுரத்தைப் பற்றி என்ன சொல்ல? 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில் அது. அறுபத்துமூவர் கதையைச் சின்னச் சின்னச் சிற்பமாகச் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பக்கத்து ரோட்டில் “அந்தப் பக்கம் பாருங்க” என்று கையைக் காட்டிவிட்டுப் பறந்தவன்தான் நானும்.

இன்னொன்று, உங்கள் நோட்டீசில் இருக்கும் படம். கரை தொட்டு ஓடும் காவிரியைப் போட்டு, கோடை விடுமுறைக்கு ஆள் சேர்க்கிறீர்கள். மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறப்பது ஜூன் 12. அணையில் இருப்பு இல்லாத வருஷம் அதுவும் தள்ளிப்போகும். சித்திரையில் வருகிறவர்களுக்கு மணலையும் கருவையையும்தான் காட்ட முடியும். ஆடிப்பெருக்குக்கு வரச்சொல்லுங்கள். மார்கழியில் வந்தால் சம்பாப் பயிர் பச்சையாக நிற்கும், வடுவூர் ஏரியிலும் பறவை இருக்கும். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் ரோட்டிலேயே ஏரி. 2022இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கோடையில் அதுவும் காய்ந்து கிடக்கும்.

வடுவூரில் நான் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பறவைகள் எழும்பினால் அழகாக இருக்குமே என்று ஏர் ஹார்னை அழுத்தினேன். நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. வண்டிக்குள் கைதட்டல். கரையில் நின்ற காவலர் மெதுவாக வந்து, “உங்க வீட்ல சாப்புடும்போது யாராச்சும் இப்புடி அடிச்சா என்ன பண்ணுவீங்க?” என்றார். அதற்குப் பிறகு ஏரிக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே வண்டியை நிறுத்திவிடுவேன். உங்கள் டிரைவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

இரண்டு நாள் என்றால் ரேட் ஏறும், ஆள் வரமாட்டார்கள் என்பீர்கள். உண்மைதான், குறைவாகத்தான் வருகிறார்கள். நான் இப்போது சொந்தக் காரில் இரண்டு நாள் பயணம்தான் ஓட்டுகிறேன், மாதத்தில் பாதி நாள் வண்டி வீட்டில்தான் நிற்கிறது. ஆனால் வந்தவர்கள் அடுத்த வருஷம் தங்கச்சி குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். தங்குகிறார்கள், மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வாங்குகிறார்கள். ஒரே நாளில் போகிற வேனால் நம் ஊருக்குக் கிடைப்பது காபிக் காசுதான். (அந்தக் காபியையும் பைபாஸில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டைப் பார்த்து எங்கேயோ குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.)

சரி, இரண்டு நாள் உங்களுக்குக் கட்டாது என்றே வைத்துக்கொள்வோம். ஆடுதுறையில் பாலம் தாண்டியதும் வேனை ஓரம் கட்டுங்கள், ஐந்து நிமிஷம் போதும். தண்ணீர் ஓடுகிற மாதங்களில் நோட்டீசின் அடியில் ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்: காலி பாட்டில் கொண்டுவரலாம்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு பழைய வேன் டிரைவர்