சைக்கிள் பயணமும் ஒரு சொல் குழப்பமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரில் புறப்பட்டு, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக வந்து, தொப்பூர்க் கணவாயில் இறங்கிச் சேலம் சேர்ந்து, மறுநாள் ஏற்காட்டுக்கு ஏறிய சைக்கிள் குழுவினரைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான செய்தியைப் படித்தேன். படத்தில் அவர்களுடைய பனியனில் 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று தெளிவாக அச்சிடப்பட்டிருக்க, தலைப்பில் மட்டும் 'தத்தெடுப்புக்கு நிதி திரட்டும் பயணம்' என்று வந்திருந்தது. தங்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது ஊர் வழக்கமாகவே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவரும் விவரம் கேட்கச் சென்ற ஓர் அலுவலகத்திலேயே, "உங்களுக்குத்தான் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே, எதற்கம்மா தத்து?" என்று கேட்டார்கள்.

தத்தெடுக்கப்பட்ட குழந்தை சட்டப்படி அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது; பெற்றவர்களோடு சட்ட உறவு முடிந்துவிடுகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் அப்படி எதுவும் முடிவதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு ஒரு குழந்தை வேறொரு குடும்பத்தில் குறிப்பிட்ட காலம் வளர்கிறது. குழந்தையின் நலனுக்குக் கேடில்லை என்று குழு கருதும்வரை பெற்றோர் வந்து பார்க்கலாம். அவர்களால் மீண்டும் பார்த்துக்கொள்ள முடியும் என்ற நிலை வந்ததும் குழந்தை அவர்களிடமே திரும்பலாம். உடன்பிறந்தவர்களைக் கூடியவரை பிரிக்காமல் ஒரே வீட்டில் சேர்க்க வேண்டும் என்றும், மாதந்தோறும் அந்த வீட்டைப் பார்வையிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

எங்கள் வீட்டுக்கு ஒன்பது வயதில் வந்த பெண் ஒன்றரை ஆண்டு இருந்தாள். அவளுக்குத் தந்தை இல்லை. தாய் நீண்ட சிகிச்சையில் இருந்தார். வந்த அன்றே என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாள். 'பெரியம்மா' என்று கூப்பிடு என்றேன். அம்மா என்ற சொல்லுக்கு உரியவர் உயிரோடு இருக்கிறார் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாயைப் பார்க்கப் போகும் நாளில் விடிவதற்கு முன்பே எழுந்து தலை பின்னிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். திரும்பி வந்தால் இரவுச் சாப்பாடு இறங்காது. படிப்பு, காய்ச்சல், பள்ளிக்கூடச் சண்டை எல்லாம் என் பிள்ளைகளிடம் பழகியவைதான். அவளைத் தாயோடு அனுப்பிவைத்த நாளுக்குத்தான் எங்களை யாரும் தயார் செய்திருக்கவில்லை. இதில் இறங்க விரும்புகிறவர்களிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

இனி பயணத்துக்கு வருகிறேன். சைக்கிள் குழுவினர் வழியில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அரிசி மூட்டைகள் வழங்கியதாகச் செய்தி கூறுகிறது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் வளர்ப்புப் பராமரிப்பு என்பதே குழந்தை அப்படிப்பட்ட இல்லத்தில் வளராமல் ஒரு குடும்பத்தின் வீட்டில் வளர வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க வழியிருக்கிறது. அது தாராளமான தொகை அல்ல. திரட்டும் நிதி அதற்கு மேல் கைகொடுக்கட்டும். ஆயினும் முதல் தேவை, கதவைத் திறக்கும் வீடுகள். 2024இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகள் மணமாகாதவர், துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் ஆகியோரும் வளர்ப்புப் பெற்றோராகலாம் என்று அனுமதித்திருக்கின்றன. பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட, தனியாக ஒரு வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் எத்தனையோ பெண்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவருக்குக்கூட இந்தச் செய்தி எட்டவில்லை.

வளர்க்க முடியாத பெண் குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது இதே சேலம் மாவட்டத்தில்தான். பெற்றவர் வளர்க்க முடியாத குழந்தை அநாதை ஆகிவிடக் கூடாது என்ற பேச்சு இங்கே புதிதல்ல. அன்று அது ஊர் ஊராகச் சொல்லப்பட்டதால்தான் தொட்டில் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஆகவே அடுத்த முறை வரும் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகையில், அதுவும் சுற்றுலா வண்டிகள் நெருக்கும் ஞாயிற்றுக்கிழமையில், யாரோடும் பேச மூச்சு மிஞ்சாது. இறங்கும்போதாவது கொட்டச்சேடு, குப்பனூர், அயோத்தியாப்பட்டணம் வழியாக வாருங்கள். அந்தப் பாதை குறுகல். இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் வர முடியும். டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால், சைக்கிளையும் பனியனையும் பார்த்து நான்கு பேர் தாமாகவே வந்து விசாரிப்பார்கள். காரில் வந்து துண்டறிக்கை கொடுப்பவரிடம் அவ்வாறு கேட்க மாட்டார்கள்.

அடுத்த இதழில் தலைப்புக்குத் திருத்தம் வெளியிடும்போது, வளர்ப்புக் குடும்பமாக இருக்க விரும்புவோர் அணுக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
அயோத்தியாப்பட்டணம், சேலம் மாவட்டம்.