ஒரே மரபணு என்றால் ஒரே பதிலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் வந்த நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் (சுருக்கமாக, அணுக்கள்) பற்றிய கட்டுரை, ஒரே மரபணு கொண்ட அணுக்கள் ஒரே மாதிரிதான் வேலை செய்யும், வேறுபாடு தெரிந்தால் அது பரிசோதனைப் பிழை என்கிறது. மாணவர்கள் வெட்டி ஒட்டி வைக்கும் பக்கம் அது. தவறாகப் பதிந்துவிடக் கூடாது.

தோட்டத்து ஆட்களுக்கு ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் ஒட்டுமரம் தெரியும். எல்லாம் ஒரே தாய்மரத்து மொட்டிலிருந்து வந்தவை. ஆனாலும் ஒரே நிரையில் அடுத்தடுத்த மரங்களில் கட்டிய மங்குகளில் (பால் பிடிக்கும் கிண்ணங்களில்) பால் ஒரே அளவு நிற்காது. மண், அடிக்கன்று, வெட்டுகிற கை என்று காரணம் சொல்லலாம். சரி, ஒரே மரத்தில் இரண்டு வெட்டு போட்டு இரண்டு மங்கு கட்டினால்? இரண்டும் சேர்ந்து குறைந்தால் குறை மரத்திலோ மண்ணிலோ இருக்கிறது. ஒன்று நிரம்பி மற்றொன்று காய்ந்தால், காரணத்தை அந்த வெட்டிலேயே தேட வேண்டும். உயிரியல் ஆய்வாளர் மைக்கேல் எலோவிட்ஸ் குழுவினர் 2002-இல் ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தது இதைத்தான். ஒரே மாதிரி சுவிட்சில் இயங்கும் இரண்டு மரபணுக்களுக்கு ஒளிரும் நிறம் மட்டும் வேறு. ஒரே அணுவுக்குள்ளேயே இரண்டு நிறமும் ஒத்துப்போகவில்லை.

காரணம் எண்ணிக்கை. மரபணு குழாய்த் தண்ணீர்போல் ஒழுகுவதில்லை. கொஞ்ச நேரம் திறந்து தன் செய்தியைச் சுமக்கும் சில ஆர்.என்.ஏ. பிரதிகளைக் கொட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. ஓர் அணுவுக்குச் சராசரி 400 பிரதி இருந்தால், வெறும் தற்செயலால் வரும் ஏற்ற இறக்கம் 20, அதாவது 5 விழுக்காடு. சராசரி 4 என்றால் அது 2; பாதிக்குப் பாதி! சராசரி 1 என்றால் 100 அணுக்களில் சுமார் 37-இல் ஒன்றுமே இராது. விட்டுவிட்டுக் கொட்டுவதால் உண்மையில் ஏற்ற இறக்கம் இதைவிடக் கூடும்.

கிருமி தொற்றிய அணுக்களில் ஒரு பகுதி மட்டுமே இண்டர்ஃபெரான் பீட்டா என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரப்பதிலும் இந்தத் தற்செயலுக்குப் பங்குண்டு. சுரந்தது பக்கத்து அணுக்களுக்குப் பரவி அவற்றையும் உஷார்ப்படுத்துவதால் சிலவே போதும். எல்லாமே ஒருசேரச் சுரந்தால் அழற்சி மிகுந்து உடம்பே தாங்காமல் போகலாம்.

ஆனால் கட்டுரையாளரின் எச்சரிக்கையில் பாதி நியாயம். ஒவ்வோர் அணுவாக ஆர்.என்.ஏ. எண்ணும் கருவி இருப்பதையெல்லாம் பிடிப்பதில்லை. பத்தில் ஒன்றைத்தான் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அணுவில் 10 பிரதி இருந்தாலும், 100-க்கு 35 தடவை 'பூஜ்யம்' என்றே காட்டும். அந்தப் பூஜ்யத்தை மரபணு மூடியதாக வாசித்தால் மோசம் போவோம். இரத்தம் எடுத்த சோதனைக் குழாய் மேசையில் நெடுநேரம் கிடந்தாலும் அணுக்களின் மரபணு வெளிப்பாடு மாறிவிடும். சாகும் அணுக்களில் மைட்டோகாண்ட்ரியா (அணுவுக்குள் ஆற்றல் தரும் உறுப்பு) ஆர்.என்.ஏ. விகிதம் ஏறும், அவற்றைக் கழிக்க வேண்டும். கருவி அணுக்களைப் பிரித்தடைக்கும் ஒரே துளியில் இரண்டு அணுக்கள் சிக்கினால், இல்லாத கலப்பு அணு ஒன்று இருப்பதுபோல் தோன்றும். இவ்வளவையும் கழித்த பிறகும், ஆர்.என்.ஏ.வை ஒளிரவைத்து நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணினாலும், வேறுபாடு நிற்கிறது.

அடுத்த ஞாயிறு மலரிலேயே, அதே பக்கத்தில், திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்