நாகை – காங்கேசன்துறைக் கப்பல்: இரு நாட்டு அமைச்சகங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவிலும் இலங்கையிலும் கப்பல் போக்குவரத்துக்குப் பொறுப்பு வகிக்கும் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ 60 கடல் மைல். கடல் அமைதியாக இருந்தால் நான்கு மணி நேரப் பயணம். 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' நாகையிலிருந்து புறப்பட்டபோது, பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கேட்டு ஓய்ந்துபோன ஒன்று கைகூடியது என்று இரு கரையிலும் மகிழ்ந்தோம். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது என்று ஒரே வாரத்தில் அது நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. நவம்பரில் நின்றது. 2025 பிப்ரவரியில் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

பருவமழைக் காலத்தில் பாக் நீரிணை எப்படி இருக்கும் என்பது இந்தக் கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். கொண்டலும் வாடையும் வீசும் நாட்களில் கப்பலை ஓட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு. இந்தக் கப்பலைச் சுற்றுலாத் திட்டங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு ஊர்களை இணைக்கும் சாலையாக இதை எண்ணி, சாலைக்குரிய பொறுப்போடு நடத்துங்கள்.

சுற்றுலாக் கப்பல்கள் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் இருக்கும் தங்கையின் ஏற்பாட்டில் அம்மாவை ஒரு சொகுசுக் கப்பலில் அழைத்துச் சென்றோம். முழங்கால் வலியால் கோயில் படி ஏறுவதையே விட்டுவிட்டவர் அம்மா. அந்தக் கப்பலில் அவருக்கு எல்லாமே எட்டும் தூரத்தில் இருந்தது. பெட்டியை ஒருமுறை திறந்து வைத்தால் போதும். ஊருக்கு ஊர் கட்டி அவிழ்க்க வேண்டியதில்லை. தளத்துக்குத் தளம் மின்தூக்கி. விடியற்காலையில் மேல்தளத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி அம்மா நெடுநேரம் நின்றுகொண்டிருப்பார். கப்பலின் பின்னால் நீண்டு விரியும் வெண்ணுரையிலிருந்து அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. முதியவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் இவ்வளவு இதமான பயணம் வேறு கிடைப்பது அரிது என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பயணத்தில் நாங்கள் ஊர் எதையும் பார்க்கவில்லை. துறைமுகத்தில் காலையில் இறக்கினார்கள், மாலைக்குள் திரும்பச் சொன்னார்கள். இடைப்பட்ட நேரத்தில் பேருந்தில் ஒரு கடைத்தெரு, ஒரு புகைப்பட இடம், அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர் ஒருவரோடு ஒரு வார்த்தை பேச வாய்க்கவில்லை. இரவெல்லாம் நீச்சல் குளத்தருகே ஒலிபெருக்கி. டிக்கெட்டில் சொன்ன தொகை ஒன்று, இறங்கும்போது கட்டிய தொகை இன்னொன்று. இணையத்துக்குத் தனி, சேவைத் தொகை என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தனி. ஓய்வெடுக்கப் போகிறவருக்கு இவை பெரிய குறைகளாகத் தோன்றாமல் இருக்கலாம். ஒரு ஊருக்குப் போக வேண்டும் என்று கிளம்புகிறவருக்கு அந்தக் கப்பலால் பயன் இல்லை.

சென்னையிலிருந்து 2022 ஜூனில் சொகுசுக் கப்பல் சேவை தொடங்கியது. அந்தக் கப்பல் 2023 ஜூனில் காங்கேசன்துறைக்கும் வந்தது. வரட்டும். விடுமுறைக்குச் செல்பவர்கள் செல்லட்டும். இதில் தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பன்னாட்டுக் கடல் மாசுத் தடுப்பு விதிகளின்படி, கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கும் கப்பல், சுத்திகரிக்காத கழிவுநீரைக்கூடச் சிறிது சிறிதாகக் கடலில் விடலாம். பெருங்கடலுக்கு அந்த விதி பொருந்தலாம். பல இடங்களில் 10 மீட்டர் ஆழம்கூட இல்லாத பாக் விரிகுடாவுக்குப் பொருந்தாது. தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கென்று 2022இல் தமிழக அரசு காப்பகமாக அறிவித்திருக்கிறது. விரிகுடாவிலும் நீரிணையிலும் எந்தப் பயணிகள் கப்பலும் கழிவை இறக்கக் கூடாது என்று இரு அரசுகளும் சேர்ந்து ஒரு விதி எழுதுவது கடினமான காரியம் அல்ல.

இனி நாகைக் கப்பலுக்கு வருகிறேன்.

கடுவையாற்று முகத்துவாரத்திலிருந்து கப்பல் நகரத் தொடங்கும்போது, அக்கரைப்பேட்டைப் பக்கம் வரிசையாகக் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகள் கைக்கெட்டும் தூரத்தில் கடந்துபோகும். வலை பழுதுபார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சிறுவர்கள் கையசைப்பார்கள். முகத்துவாரம் தாண்டியதும் தண்ணீரின் பழுப்பு வெளுத்துப் பச்சையாகும். பிறகு கலங்கரை விளக்கம் சிறுத்துக்கொண்டே போகும். இத்தனை அழகையும் சுற்றுலா விளம்பரத்தில் அடக்கிவிடலாம். கப்பலுக்குள் இருக்கும் மனிதர்களை அப்படி அடக்க முடியாது.

நான் போனபோது பக்கத்து இருக்கையில் தெல்லிப்பழைக்காரர், எழுபதைக் கடந்த ஓர் அம்மா. மடியில் துணி சுற்றிய நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. பேத்தியின் கல்யாணத்துக்கு வாங்கியது. பெட்டியில் வைத்தால் கிளை வளைந்துவிடும் என்று வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தார். சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனத்துக்கு ஆண்டுதோறும் தன் தகப்பனார் கப்பலேறி வந்து போவார் என்றும், சண்டைக் காலத்தில் அது விட்டுப்போயிற்று என்றும் சொன்னார். "பிள்ளை, கரை தெரிகிறதோ?" என்று பாதி வழியிலிருந்தே கேட்கத் தொடங்கிவிட்டார். முன்வரிசையில் இரண்டு பேர் பனங்கட்டி வியாபாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில், அகதி முகாமில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர், தாய் தகப்பன் பிறந்த ஊரை முதல்முறையாகப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். இவர்களில் யாரைச் சுற்றுலாப் பயணி என்று சொல்வீர்கள்?

இந்தக் கடலில் கப்பல் ஏறியவர்கள் எக்காலத்திலும் இப்படிப்பட்டவர்கள்தாம். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் நீராவிக் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் பிடித்துக் கொழும்பில் இறங்கினார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின்னும் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. எண்பதுகளின் தொடக்கத்தில் இனப்போர்தான் அதை நிறுத்தியது. நாகையைப் பொறுத்தவரை 'ரஜூலா' என்ற பெயரைச் சொன்னால் இன்றும் பெரியவர்களின் முகம் மாறும். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. நாகையில் ஆழம் போதாது. கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். மூட்டைமுடிச்சோடு திறந்த தளத்தில் பாயை விரித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பயணத்தின் துன்பங்களை நான் அழகுபடுத்திச் சொல்ல மாட்டேன். அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பிடித்துப் பலர் மாண்டதையும் இந்தக் கரை மறக்கவில்லை. இருந்தும் அவை பல ஆண்டுகள் ஓடின. எப்போது வரும், எப்போது போகும் என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது. அதை நம்பிக் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள், வியாபாரம் செய்தார்கள்.

2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தொடங்கிய கப்பல் அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றுவிட்டது. நாகைக் கப்பலுக்கும் அந்தக் கதி நேர்ந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆழம் குறைந்த கடலில் அலை நீளமாக எழாது. குறுகலாக, செங்குத்தாக, அடுக்கடுக்காக வரும். இலகுவான அதிவேகக் கப்பல் அதில் துள்ளும். கச்சான் காற்று பலமாக வீசும் ஆடி மாதத்திலும் பயணிகளில் பாதிப் பேர் வாந்திப் பையோடு குனிந்திருக்க நேரிடலாம். இத்தகைய கப்பல் எந்த அலை உயரம் வரை ஓடலாம் என்ற வரம்பு அதன் இயக்க அனுமதியிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அந்த வரம்பை வெளிப்படையாக அறிவியுங்கள். மீனவருக்கு வானிலை எச்சரிக்கை கிடைப்பதுபோல, நாளை கப்பல் உண்டா இல்லையா என்பது முதல்நாள் மாலைக்குள் பயணியின் கைப்பேசிக்கு வர வேண்டும். மன்னார்குடியிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ விடியுமுன்பே கிளம்பி வருகிறவர் துறைமுக வாசலில் வந்து அதைத் தெரிந்துகொள்ளும் நிலை கூடாது. காலப்போக்கில் சற்றுப் பெரிய, கனமான, வேகம் குறைந்த கப்பலைக் கொண்டுவருவதைப் பற்றியும் யோசியுங்கள். நான்கு மணி நேரம் ஆறு மணி நேரமானால் நாங்கள் வருந்த மாட்டோம். ஓடும் நாட்கள் கூடுவதுதான் எங்களுக்கு முக்கியம்.

அடுத்தது பணம் திரும்பக் கிடைப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கப்பல் ரத்தானாலோ, புறப்பட 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ, வேறு வழியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் அல்லது ஏழு நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்பதைப் பயணி தேர்ந்தெடுக்கலாம். காரணம் வானிலையாக இருந்தாலும் இந்த உரிமை மாறாது. இது போன்ற ஒரு விதியை இந்த ஒரு வழித்தடத்துக்கு மட்டுமாவது இரு நாடுகளும் ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளலாமே.

கட்டணத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2023இல் அறிவித்த கட்டணம் 6,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 7,670 ரூபாய். விமானத்தின் சாதாரண வகுப்புக்கு வரி 5 சதவீதம். விமானத்தில் போக முடியாதவர்தான் பெரும்பாலும் கப்பலை நாடுகிறார். அவரிடம் கூடுதல் வரி வாங்குவது எந்த வகையில் நியாயம்? ஸ்காட்லாந்தில் தீவுகளுக்குச் செல்லும் கப்பல்களில், அதே தூரத்தைச் சாலையில் கடக்க என்ன செலவாகுமோ அதை ஒட்டிக் கட்டணத்தை நிர்ணயிக்கும் முறையை 2008இல் சோதித்துப் பார்த்து, பிறகு விரிவாக்கினார்கள். பற்றாக்குறையை அரசு ஏற்கிறது. இந்திய அரசும் இந்தச் சேவையின் இயக்கச் செலவுக்கு உதவி அறிவித்ததையும், காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க 61.5 மில்லியன் டாலர் தர முன்வந்ததையும் நன்றியோடு குறிப்பிடுகிறேன். அந்த உதவியின் பயன் பயணியின் டிக்கெட்டில் தெரிய வேண்டும்.

மூட்டைக்கு இடம் கொடுங்கள். குத்துவிளக்கும் பட்டுப்புடவையும் அங்கே போக, பனங்கட்டியும் ஒடியலும் இங்கே வர வேண்டும் என்பதற்காகத்தான் மக்கள் விமானத்தை விட்டுக் கப்பலுக்கு வருகிறார்கள். மூட்டை ஏற்ற முடியாத கப்பலுக்கு விமானத்தோடு போட்டியிட வேறு எந்த வலுவும் இல்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர் யாருடைய தோளையும் பிடிக்காமல் ஏறி இறங்க ஒரு சாய்தளம் அமையுங்கள். உயிர்காக்கும் அங்கியை அணியும் முறை தமிழிலும் சிங்களத்திலும் நிதானமாகச் சொல்லப்பட வேண்டும்; ஓடிக்கொண்டிருக்கும் காணொளியில் போகிறபோக்கில் அல்ல, ஊழியர் ஒருவர் முன்னால் நின்று அணிந்து காட்ட வேண்டும். கொஞ்ச நேரமேனும் வெளியே நின்று காற்று வாங்கப் பாதுகாப்பான ஒரு திறந்த தளம் இருந்தால் நல்லது. வயிறு புரட்டும்போது குளிரூட்டிய அறையைவிடத் தொடுவானமும் வெளிக்காற்றும்தான் உதவும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்துவிட முடியாது என்பது தெரியும். எதிர்வரும் ஆண்டுக்கான அட்டவணையை வெளியிடுவதற்குக் கப்பலும் வேண்டாம், நிதியும் வேண்டாம். எந்த வாரம் தொடங்கி எந்த வாரம் வரை ஓடும், பருவமழைக்காக எப்போது நிறுத்தி எப்போது மீண்டும் தொடங்கும் என்பதைத் தைப்பொங்கலுக்குள் இரு அமைச்சகங்களும் ஒன்றாக அறிவியுங்கள். நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். இரு கரை மக்களும் எதிரெதிர்த் திசையில் கடல் கடக்க விரும்பும் நாட்கள் அவை. விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், விடுப்புக் கேட்க வேண்டும், பணம் சேர்க்க வேண்டும். அந்த வாரங்களுக்குக் கூடுதல் நடைகள் உண்டா என்பதையும் அந்த அட்டவணையிலேயே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
நாகப்பட்டினத்துப் பயணி ஒருத்தி