'எக்ஸ்ப்ளெய்ன் மீ' ஏன் தவறு? – நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மாலை ஆங்கில வகுப்பு தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ சார்' என்று பாதி வகுப்பு கேட்கிறது, திருத்தினால் 'அப்ப கிவ் மீ மட்டும் எப்படி சரி?' என்று மடக்குகிறார்கள் என எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். 'அது அப்படித்தான்' என்று சொல்லிச் சமாளிக்காதே. பாதிக்காவது விடை இருக்கிறது.

சிக்கல் நம் 'கு' உருபில் இருக்கிறது. எனக்குக் கொடு, எனக்குச் சொல்லு, எனக்கு வாங்கு, எனக்கு விளக்கு: நமக்கு எல்லாம் ஒரே கு. ஆங்கிலத்தில் இவை வேறு வேறு வழியில் போகின்றன. 'கிவ் மீ எ பென்' என்றும் 'கிவ் எ பென் டு மீ' என்றும் சொல்லலாம். 'பை மீ எ பென்' சரி. ஆனால் திருப்பிப் போட்டால் 'பை எ பென் ஃபார் மீ', அங்கே 'டு' வராது. 'எக்ஸ்ப்ளெய்ன்' வந்தால் ஆள், அதாவது அந்த 'மீ', வெறுமனே நிற்கவே முடியாது: 'எக்ஸ்ப்ளெய்ன் த சம் டு மீ'.

'டு'வா 'ஃபார்'ஆ என்பதற்கு நன்னூலே கை கொடுக்கும். நான்காம் வேற்றுமைக்கு அது சொல்லும் பொருள்களில் கொடை வேறு, பொருட்டு வேறு. கொடை என்றால் 'டு', பொருட்டு என்றால் 'ஃபார்'. பிள்ளைகளுக்கு நன்னூல் வேண்டாம், 'கு' இருக்கும் இடத்தில் 'காக' போட்டுப் பார்க்கச் சொல். 'அவளுக்குப் புடவை வாங்கினேன்', 'அவளுக்காகப் புடவை வாங்கினேன்': பொருள் கெடவில்லை, ஆகவே 'ஃபார்'. 'அவளுக்குச் சாவியைக் கொடுத்தேன்' என்பதை 'அவளுக்காக' என்று மாற்றினால் சாவி வேறு யார் கைக்கோ போய்விடுகிறது, ஆகவே 'டு'. குக், மேக், ஃபைண்ட், புக் எல்லாம் 'ஃபார்' வகை. சென்ட், லெண்ட், ஷோ, டீச், செல் எல்லாம் 'டு' வகை. 'ஐ பாட் எ சாரி டு ஹெர்' என்ற பிழை இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலும் ஒழியும்.

இனி எக்ஸ்ப்ளெய்ன். கிவ், டெல், செண்ட், ஷோ போன்றவை ஆங்கிலத்தின் பழைய, குட்டையான வினைகள். ஆளை நேரடியாகப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும். எக்ஸ்ப்ளெய்ன், டிஸ்க்ரைப், சஜஸ்ட், அனௌன்ஸ் போன்றவை லத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் வந்தவை. இடையில் 'டு' இல்லாமல் ஆளை அண்ட விடமாட்டா. இதை விதியாக எழுதிப் போடாதே, விலக்குகள் உண்டு. 'ஆஃபர்', 'ப்ராமிஸ்' லத்தீன் வழி வந்தும் ஆளை நேரே ஏற்கும். 'சே' அசல் ஆங்கிலம்தான், ஆனாலும் 'செட் மீ' கிடையாது. விளக்கும் விஷயம் நீளமாக இருந்தால் ஆள் முன்னால் வரலாம், 'டு' மட்டும் போகாது: 'எக்ஸ்ப்ளெய்ன் டு மீ ஹௌ இட் ஒர்க்ஸ்'.

'இன்ஃபார்ம்' இதற்கு நேர் எதிர். அங்கே ஆள்தான் நேரடிச் செயப்படுபொருள். 'இன்ஃபார்ம் டு த ஆஃபீஸ்' என்று நம் ஊர் அறிவிப்புகளில் எழுதுகிறார்களே, அது பிழை. 'இன்ஃபார்ம் த ஆஃபீஸ்' போதும். செயப்பாட்டு வினைக்குப் போகும்போது இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். 'ஐ வாஸ் டோல்ட்', 'ஐ வாஸ் இன்ஃபார்ம்ட்' சரி. 'ஐ வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட்' என்றால் விளக்கப்பட்டது நீயே என்று ஆகிறது! 'இட் வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட் டு மீ' என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்ஃபினிட்டிவ், அதாவது 'டு கம்' போன்ற வினை வடிவம் பற்றியும் கேட்டிருந்தாய். இங்கே தமிழ் பாதி உதவும், பாதி கவிழ்க்கும். 'அவனை வரச் சொன்னேன்' என்பதை அப்படியே எடு: அவனை, ஹிம், வர, டு கம், சொன்னேன், டோல்ட். 'ஐ டோல்ட் ஹிம் டு கம்'. அழகாகப் பொருந்துகிறது. ஆனால் 'அவனை வர விட்டேன்', 'அவனைக் காத்திருக்க வைத்தேன்' என்பவற்றிலும் நமக்கு அதே 'செய' என்னும் எச்சம்தானே? பழக்கதோஷத்தில் 'மேட் ஹிம் டு வெய்ட்' என்று வந்துவிடுகிறது. மேக், லெட் இரண்டுக்கும் 'டு' கிடையாது: 'மேட் ஹிம் வெய்ட்', 'லெட் ஹிம் கம்'. ஹெல்ப் இரண்டு விதமாகவும் வரும். வேடிக்கை என்னவென்றால், மேக் செயப்பாட்டுக்குப் போனதும் ஒளிந்திருந்த 'டு' திரும்பி வந்துவிடும்: 'ஹி வாஸ் மேட் டு வெய்ட்'. இதைத் தனியாகப் பயிற்சி கொடு, தேர்வுகளில் விரும்பிக் கேட்பார்கள்.

அடுத்த குழி 'என்று'. 'அவன் வரணும்னு நினைக்கிறேன்' என்ற வாக்கியம் மனசுக்குள் ஓடும். வாயில் 'ஐ வான்ட் தட் ஹி ஷுட் கம்' வரும். வான்ட் பின்னால் 'தட்' வராது: 'ஐ வான்ட் ஹிம் டு கம்'. ஹோப் தலைகீழ்: 'ஐ ஹோப் யூ டு கம்' தவறு, 'ஐ ஹோப் யூ வில் கம்' சரி. இந்தக் கூட்டத்தில் மிக மோசமானது சஜஸ்ட். 'சஜஸ்டட் ஹிம் டு கோ' கூடாது. 'சஜஸ்டட் தட் ஹி ஷுட் கோ' என்று போகலாம், அல்லது வினையை மாற்றி 'அட்வைஸ்ட் ஹிம் டு கோ' என்று தப்பிக்கலாம். 'ஸ்டாப் டு', 'ரிமெம்பர் டு' விவகாரம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, 1954-ல் வினையமைப்புகளை 25 வகையாகப் பிரித்து வைத்தார். அந்த எண்களை மாணவர் தலையில் ஏற்றாதே. கற்போருக்கான ஆங்கில-ஆங்கில அகராதியைத் திறந்து, வினைக்குப் பக்கத்தில் தரும் அமைப்பைப் படிக்கச் சொல்: 'எக்ஸ்ப்ளெய்ன் சம்திங் டு சம்படி', 'டெல் சம்படி சம்திங்'. நோட்டில் வினையைத் தனியாக எழுதவே கூடாது, இந்த வாலோடுதான் எழுத வேண்டும். வாரத்துக்குப் பத்து வினைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், அதில் கட்டாயம் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத வாக்கியத்தில் பிழை வெளியே தெரியாது.

தேறியவர்களுக்கு மட்டும் ஒரு புதிர் வைத்துக்கொள். 'ஐ பெர்ஸ்வேடட் ஹிம் டு கம்', 'ஐ ப்ராமிஸ்ட் ஹிம் டு கம்'. அச்சு ஒன்றுதான். முதலாவதில் வரப்போவது யார், இரண்டாவதில் வரப்போவது யார் என்று கேள். தமிழில் சொல்லிப் பார்த்தால் உடனே பிடிபடும்: 'அவனை வரச் சம்மதிக்க வைத்தேன்', 'வருவதாக அவனிடம் வாக்குக் கொடுத்தேன்'. எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
முருகேசன்